நெல்லுக் காவல்

"நாடு விட்டு நாடு போறவனுக்கு முதலில போய்ச் சேருறது வயிறு, அதுக்குப் பிறகு கை, அதுக்குப் பிறகு நாக்கு, கடைசியாத்தான்…" என்று பெரியப்பா கதிரவேலர் சந்தியில் பஸ்ஸின் மிதிபலகையைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தபோது சாரதி ஹோர்னை அழுத்திவிட்டான், பஸ் வெளிக்கிட்டுவிட்டது, பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் பின்னால் ஓடிவந்து எதையோ கத்தினார், அதுவும் தூசியோடு போய்விட்டது. அருமைத்துரை அந்தச் சொல்லை வாலில்லாமலே கொழும்புக்குக் கொண்டுபோனான், அங்கிருந்து விமானத்தில் கொண்டுபோனான், கடைசியில் நோர்வேயின் வடக்கு நுனியில், இதற்கு மேல் உலகப் படத்தில் தாள் கிடையாது என்கிற இடத்தில், ஸ்கார்விக் என்ற மீன்பிடி ஊரில் கொண்டுபோய் இறக்கினான்.

பெரியப்பா சொன்னது பொய்க்கவில்லை. முதலில் வயிறுதான் வந்து சேர்ந்தது. வந்த கிழமையிலேயே அவித்த மீனையும் அவித்த உருளைக்கிழங்கையும் பக்கத்து அறைக் கிருபைநாதனுடைய மிளகாய்த்தூள் போத்தலின் உதவியோடு ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகு கை வந்தது. மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்த முதல் மாதம் விரல்களையே வெட்டிய கை, பிறகு மீனின் முள்ளைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தது. பிறகு நாக்கு வந்தது. அந்த ஊர்க்காரர் "ஓம்" என்பதற்குப் பதிலாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு "யா" என்பார்கள், எதையோ கண்டு திடுக்கிட்டதுபோல. ஒருநாள் கிருபை ஏதோ கேட்க, அருமைத்துரையும் மூச்சை உள்ளே இழுத்தான்.

"போச்சுடா," என்றான் கிருபை. "மச்சானைப் பறிகுடுத்திட்டம்."

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. மீனைக் கொண்டுவருகிற ஓடுபட்டி நிற்பதில்லை, ஆகவே கத்தியோடு நிற்கிறவர் தன் இடத்தை விட்டு அசையக்கூடாது. அடுத்த ஆள் வந்து தோளைத் தொடவேண்டும், தொட்டால்தான் போகலாம், தொட்டவருக்கு அந்த இடமும் கத்தியும் பொறுப்பும் சொந்தம். சலம் கழிக்கப் போவதானாலும் இதுதான் சட்டம். முதலாளியே வந்து "போ" என்றாலும் போகமாட்டார்கள், தோளைத் தொடு என்பார்கள். அருமைத்துரையின் தோளை ஒவ்வொரு நாளும் பின்னேர வேலைக்கு வந்து தொட்டவள் கெர்த் என்ற விதவை; மீசை இல்லாத குறை ஒன்றுதான், மற்றபடி கதிரவேலருடைய முகம்.

கெர்த்துக்கு ஒரு கேள்வி இருந்தது, அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்தது: இவ்வளவு வெயிலை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள்? சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஆமி என்பான் ஒருவன், இயக்கம் என்பான் ஒருவன், இரண்டுக்கும் நடுவிலிருந்த எங்கள் வீடு என்பான் இன்னொருவன். ஒழுங்கையில் எல்லாரும் போய்விட்டார்கள், கரப்பந்து விளையாட ஆள் காணாது, அதுதான் நானும் வந்தேன் என்பான் கிருபை, சிரிக்காமல். எல்லாம் உண்மைதான், கோடையில் ஒன்றும் மாரியில் ஒன்றுமாக அவை இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். அருமைத்துரை மட்டும் எப்போதும் ஒன்றையே சொல்வான்.

"பஸ் வந்தது."

வந்த முதல் மாரியில், அந்தத் திசையில் வழக்கமாக நடப்பதுபோல, சூரியன் ஒருநாள் மலைக்குப் பின்னால் இறங்கியது, பிறகு தை மாதம் வரைக்கும் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டது. ஊர் நீல நிறமாயிற்று. அந்த நீலத்துக்குள், காலை வேலைக்குப் பனியில் நடந்து வந்துகொண்டிருந்த அருமைத்துரையைக் கெர்த் தன் வீட்டு யன்னலால் பார்த்தாள், யன்னலைத் திறந்தாள், சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"உனக்கு நிழல் விழுகிறது."

அவன் குனிந்து பார்த்தான். விழுந்துதான் இருந்தது. உச்சி வெயிலில் நிற்கிற மனிதனுக்கு விழுவதுபோலக் கட்டையாக, கறுப்பாக, காலோடு ஒட்டிக்கொண்டு. அவன் விட்டுவந்த ஊரில் அப்போது மத்தியானம். ஸ்கார்விக்கில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு அது கிழக்கே நீண்டு தொழிற்சாலை மதிலில் ஏறியது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது; அம்மா முற்றத்தில் விளக்கு வைக்கிற பொழுது அது. மற்றத் தமிழர்களுடைய நிழல்களெல்லாம் ஒழுங்காக அவரவரோடு வந்து சேர்ந்து, சூரியன் போனதும் தாங்களும் போய்விட்டிருந்தன. இவனுடையது மட்டும் ஊர்ச் சூரியனோடு நின்றுவிட்டது.

"எங்கள் எல்லாருக்கும் விசா குடுத்தவங்கள்," என்றான் கிருபை, அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு. "உன்ர நிழலுக்கு மட்டும் றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள்."

அந்த ஊர்க்காரர் கெட்டிக்காரர், வந்ததை எதற்குப் பாவிக்கலாம் என்று பார்க்கிறவர்கள். நிழல் இருந்தால் எங்கேயோ வெயில் இருக்கத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிழவர்கள் கோப்பிக் கோப்பையோடு அவன் நிழலின் ஓரத்தில் வந்து நின்றார்கள். கையுறையைக் கழற்றிப் பிடித்துப் பார்த்த ஒருவர் இளஞ்சூடு என்றார், அதற்குப் பிறகு எல்லோருக்கும் இளஞ்சூடு தெரிந்தது. இருட்டுக் காலத்தில் மனம் சோர்ந்தவர்களைத் தாதி அவனுடைய வீட்டுப் பக்கமாக நடந்து போய்வரச் சொன்னாள். பனி தள்ளுகிற வண்டிக்காரன் அந்த நிழல் தெருவைக் கடந்து முடியும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருப்பான், மேலே ஏற்றமாட்டான். தொழிற்சங்கம் கூட்டம் வைத்து, வேலை நேரம் முடிய முன்னமே நிழல் வெளிக்கிட்டுப் போவது சரியா என்று ஒரு பின்னேரம் முழுக்க வாதாடிவிட்டு, நிழல் சங்கத்தில் அங்கத்துவம் எடுக்கவில்லை, ஆகவே அதற்கு விதி இல்லை என்று தீர்மானித்தது. கார்த்திகையில் சில நாட்களில் நிழல் விழாது. அப்போது கடையில் சாமான் நிறுக்கிறவள்கூடக் கேட்பாள்.

"உங்கள் ஊரில் இன்றைக்கும் மழையா?"

தமிழர்களுக்கு அது வேறு விதத்தில் உதவியது. அவன் காலைப் பார்த்துத்தான் ஊருக்கு ரெலிபோன் எடுத்தார்கள். இப்ப எடுத்தால் அம்மா கிணற்றடியில் நிற்பா, இப்ப எடுத்தால் ஐயா நித்திரை என்று நிழலின் நீளத்தில் சொல்லுவார்கள். பிறகு ரெலிபோன் கம்பிகள் அறுந்துபோன ஆண்டுகள் வந்தன. அந்த ஆண்டுகளில் காலை விடிந்ததும் விடியாததுமாக அவனுடைய வாசலில் யாராவது சும்மா வந்து நிற்பார்கள், சீனி இருக்கா என்பார்கள், கண் மட்டும் அவன் காலடிக்குப் போய்வரும். வெயில் கொளுத்தவேண்டிய பங்குனியில் ஒருமுறை நாட்கணக்காக நிழல் விழவில்லை. மழையாக இருக்க வழியில்லை, அப்படியானால் அது என்ன புகை என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. வேலைக்குப் போனார்கள், கத்தியைப் பிடித்தார்கள், மிளகாய்த்தூள் போடாமலே சாப்பிட்டார்கள். கெர்த் அந்த நாட்களில் அவன் தோளைத் தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை, தேங்காய்ப்பூவைப் போல வெளிறிய பனியின் மேல், மெல்லிசாக அது விழுந்தது. புதிதாகக் கலியாணம் செய்து வந்திருந்த அவனுடைய மனைவி யோகமலர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெரிய பானையில் தேத்தண்ணி வைத்தாள், வருகிறவர்கள் அழவும் சிரிக்கவும் அந்தப் பானை போதவில்லை.

யோகமலர் நல்ல வாய்க்காரி. நிழலையும் ஒரு மாமியார் வீட்டு ஆளைப்போலவே நடத்தினாள். "இஞ்சாருங்கோ, உங்கட ஆள் சோபாவில கிடக்கிறார், நான் எங்க இருக்கிறது?" என்பாள். கோடை வந்து, இரவும் பகலும் சூரியன் நின்று எரிகிற காலத்தில் எல்லாருடைய நிழலும் அவரவரைச் சுற்றி வட்டமிட, இவனுடையது மட்டும் பின்னேரம் ஆக முன்னமே ஊரோடு அணைந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு நிழலே இல்லாத ஒரு மனிதன் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்க்கும்போது மட்டும் அவள் வாய் ஓய்ந்துவிடும்.

பெரியப்பாவின் வாலறுந்த சொல்லை அவன் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்திருந்தான். கடைசியாகத்தான் என்ன வந்து சேரும்? கடைசியில சவப்பெட்டி என்றான் கிருபை. கடைசியில புத்தி, உங்களுக்கு இன்னும் வரேல்ல என்றாள் யோகமலர். கெர்த் நெடுநேரம் யோசித்துவிட்டு, தன்னுடைய தாய் தெற்கேயிருந்து இந்த ஊருக்கு வந்தவள் என்றும், அவளுக்குக் கடைசியாக வந்தது முழங்கால் வலி என்றும் சொன்னாள். நிழல்தான் கடைசி என்று பெரியப்பா சொல்லியிருப்பார் என்று அருமைத்துரை தனக்குள் வைத்திருந்தான். கேட்டுவிடலாம் என்றால் கதிரவேலர் செத்துப்போயிருந்தார்.

மகள் தாரணி பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அவள் பிறந்தது இந்த ஊரில், அவளுடைய வயிறும் கையும் நாக்கும் நிழலும் ஒன்றாகவே பிறந்தன. அவளால்தான் பிரச்சினை வந்தது.

ஸ்கார்விக்கில் தை மாதத்தில் சூரியன் திரும்பி வருகிற நாள் ஒரு பெருநாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் எல்லாக் குடும்பத்தாரும் வரிசையாக நிற்பார்கள், இனிப்புப் பணிஸ் வைத்த தட்டுகள் சுற்றிவரும், மலை விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம் வரும், வந்த கையோடு எல்லாருடைய நிழலும் பனிமேல் விழும், உடனே பிள்ளைகள் சாயத் தண்ணீர்ப் போத்தல்களோடு ஓடிப்போய்த் தங்கள் வீட்டாருடைய நிழல்களைச் சுற்றிக் கோடு ஊற்றுவார்கள். சூரியன் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கோடுகள் கிடக்கும், அடுத்த பனி விழும்வரைக்கும் அந்தச் சரிவில் அந்த ஊர் முழுக்கச் சிவப்பாகவும் பச்சையாகவும் கைகோத்துக்கொண்டு படுத்திருக்கும்.

அருமைத்துரையின் நிழல் அந்த நேரத்தில் ஊர்ப் பின்னேரத்தின் நிழல். அது மற்றவர்களுடையதைப்போல முதுகுக்குப் பின்னால் விழாது, பக்கவாட்டில் நீளமாகக் குறுக்கே விழுந்து, இன்னொரு குடும்பத்தின் காலிலும் அதற்கடுத்த குடும்பத்தின் இடுப்பிலும் படுத்துக் கிடக்கும். சின்ன வயதில் தாரணி அதைச் சுற்றியும் கோடு ஊற்ற ஓடினாள், "மன்னியுங்கோ, மன்னியுங்கோ, இது எங்கட அப்பா" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு. அவர்களும் சிரித்துக்கொண்டு காலைத் தூக்கி வழிவிட்டார்கள். ஒரு வருடம் அவள் ஓடவில்லை. அம்மாவைச் சுற்றி ஊற்றினாள், தன்னைச் சுற்றி ஊற்றினாள், நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் பனியை விட்டாள். பக்கத்தில் நின்ற வகுப்புப் பிள்ளை ஒன்று அந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "உன்னுடைய அப்பா இங்கே இல்லைதானே," என்றது.

வீட்டுக்கு வந்த பிறகு தாரணி கேட்டாள்.

"அப்பா, நீங்க இங்க இருக்கிறீங்களா?"

"இருக்கிறன்தானே, செல்லம்."

"அப்ப ஏன் எங்களோட விழேல்ல?"

அவன் மூச்சை உள்ளே இழுத்தான். ஆனால் "யா" வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாக அவன் செய்யாதது இல்லை. தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்தான், கெர்த்தோடு தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்தான், கிருபை சொன்னானென்று தன் நிழலை நோர்வேஜிய மொழியில் பேசிக் கூப்பிட்டுப் பார்த்தான். அது அதன் பாட்டில் ஊர்ச் சூரியனோடு எழும்பி ஊர்ச் சூரியனோடு படுத்தது.

அடுத்த வருடம் சூரியன் வருகிற நாள் காலையில், தாரணி சப்பாத்தும் போட்டு, நீலச் சாயப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தபோது, ரெலிபோன் அடித்தது. கம்பிகள் திரும்பவும் கட்டப்பட்டு, அம்மாவின் வீட்டுக்கே ரெலிபோன் வந்துவிட்ட காலம் அது.

"துரை, ராசா, இண்டைக்கோ உங்க சூரியன் வாறது?"

"உங்களுக்கு ஆர் சொன்னது அம்மா?"

"உன்ர மோள்தான். போன கிழமை நீ வேலைக்குப் போன நேரம் எடுத்தவள். வெளிநாட்டுக் கோல் எண்டும் பாராமல் நல்லா அழுதவள்." அம்மா ரெலிபோனைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. "நான் உனக்கு ஒண்டு சொல்லாமல் விட்டிட்டன். நீ பயந்திடுவாய் எண்டு. இஞ்ச முற்றத்தில ஒரு நிழல் நிக்குது."

அருமைத்துரை தன் காலடியைப் பார்த்தான். அவனும் இத்தனை வருடமாக அம்மாவிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தான், அவ பயந்துவிடுவா என்று.

"எங்க நிக்குது அம்மா?"

"பாயடியிலதான். வேற எங்க? நீ போன அண்டைக்கு, நான் அவிச்ச நெல்லைப் பாயில விரிச்சுப்போட்டு உன்னை இருத்திப்போட்டெல்லோ சங்கக்கடைக்குப் போனனான். கோழி வரும், காகம் வரும், நான் வருமட்டும் அசையாத எண்டு சொல்லிப்போட்டுப் போனன். அந்த நேரம் பாத்து அத்தார், உன்ர பெரியப்பா, வந்து பஸ் நிக்குது ஓடு எண்டு உன்னை எழுப்பிக்கொண்டு போட்டார். நான் வந்து பாக்கிறன், நெல்லில ஒரு மணி குறையேல்ல. கோழியள் தூரத்தில நிண்டு பாக்குதுகள். பாயின்ர தலைமாட்டில நிழல்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும். நாங்கள் ஊரை விட்டு ஓடிப்போய் இருந்த மாதங்களிலயும் நிண்டிருக்கும் எண்டுதான் நினைக்கிறன், வந்து பாக்க நிண்டது. பிறகு நெல்லு இல்லாத நாளிலயும் நான் ஒரு சுளகு நெல்லாவது விரிக்கிறனான். இல்லாட்டில் அது சும்மா நிக்கவேணுமே, பாவம்." அம்மா சிரித்தா. "பின்னேரத்தில நல்லா நீளும். கிணத்தடி மட்டும் போகும். நான் அதுக்குள்ள ஒரு சாக்கைப் போட்டு இருந்துகொண்டு வெத்திலை போடுவன். நல்ல குளிர்மை, ராசா. வேப்பமரத்துக்குக் கீழயும் அந்தக் குளிர்மை இல்லை."

யோகமலர் சமையலறை வாசலில் வந்து நின்றாள். தாரணி எழும்பி யன்னலால் மலையைப் பார்த்தாள். அருமைத்துரைக்குத் தன் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"அம்மா, பெரியப்பா அண்டைக்குப் பஸ் போகேக்க ஒண்டு கத்தினவர். கடைசியாத்தான் என்னவோ வந்து சேரும் எண்டு. உங்களுக்குச் சொன்னவரோ?"

"கத்தினவரோ? ஓ, கத்தினதுதான். வந்து என்னட்டயும் கத்தினவர். 'டேய், புட்டுப் பார்சல்' எண்டு கத்தினாராம். நீ அதை வாங்காமலே ஏறிட்டாய். பிறகு கோழிக்குத்தான் போட்டது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் வேறொன்றாகிவிட்டது, கம்பியின் அந்தப் பக்கத்தில் அம்மாவும் மூக்கை உறிஞ்சினா.

"பிழை என்னிலதான்," என்றா அம்மா. "காவலுக்கு இருத்தினது நான். வந்து 'சரி ராசா, காணும், எழும்பு' எண்டு நான்தானே சொல்லியிருக்கவேணும். சொன்னால் போயிடும் எண்டு தெரியும். அதுதான் சொல்லேல்ல, இவ்வளவு காலமும்." பிறகு கேட்டா: "உங்கட வேலையிடத்தில என்னவோ ஒரு வழக்கம் இருக்கெண்டு உன்ர மோள் சொன்னவள். தோளில தொட்டால் போகலாமாம்."

"தொட்டவைதான் பிறகு அந்த இடத்தில நிக்கவேணும் அம்மா. தனிய."

"அதுக்கென்ன, எனக்கு நிண்டு பழக்கம். கோழி கலைக்க ஒரு தடி போதும்." சாக்கை உதறுகிற சத்தம் கேட்டது. "இப்ப அதுக்குக் கிட்டத்தான் நிக்கிறன், துரை. வயர் இவ்வளவு தூரம் வரும். நான் மாத்துக்கு நிக்கிறன். தொடட்டே?"

வெளியே சரிவில் ஆட்கள் சேர்கிற சத்தம் கேட்டது, கிருபையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாக. கெர்த் படலையடியில் பணிஸ் தட்டோடு நின்று, வரவில்லையா என்று கையைக் காட்டினாள். அருமைத்துரை குனிந்து பார்த்தான். நிழல் அவன் காலிலிருந்து புறப்பட்டு, வாசற்படியைக் கடந்து, கிழக்கே அதன் வழக்கமான இடத்தை நோக்கி நீண்டு கிடந்தது, ஓரத்தில் யாரோ அமர்ந்ததுபோல ஒரு சின்னப் பள்ளத்தோடு. தாரணி திரும்பி அவனைப் பார்த்தாள். போத்தலின் மூடியை அவள் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தாள்.

"தொடுங்கோ அம்மா," என்றான்.